சொல்லிக்கொண்டு போனவள்

— அதுக்கில்ல கோமளா, நான் சொல்ல வந்தது என்னன்னா...

— நீ ஒண்ணியும் சொல்ல வேணாம் நைனா. ஆளு உட்டுக் கூப்டப்பவே புரிஞ்சிபோச்சு. கடையில இட்லிய அடுப்புலயே உட்டுட்டு ஓடியாறேன். மாடி ஊட்டு ரேவதியக் காலி பண்ணச் சொல்லணும். அத்த உன் வாயால சொல்ல ஒரு மாதிரியா கீது. அதானே?

— முதல்ல உட்காரு.

— குந்தறேன். ஆனா அந்தப் பொண்ணு பாவம் நைனா. சாவு ஊட்ல சொல்லிகினு போவக்கூடாதுன்னு அதுக்கு இன்னா தெரியும்? கம்பியூட்டர் முன்னால குந்தி வளந்த பொண்ணு. உன் சம்சாரம் பார்வதம்மாவப் பாத்துட்டு மாடி ஏறும்போது தெனமும் "போயிட்டு வரேன்"னு சொல்லிச் சொல்லிப் பழகிக்கீது. அன்னிக்கும் வாய் தவறி வந்துடுச்சு.

— வாய் தவறின மாதிரி தெரியல. தெளிவாச் சொன்னா. பார்வதத்தைச் சுடுகாட்டுல கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வந்து வாசல்ல கால் கழுவிக்கிட்டு நிக்கிறேன். விருத்தாசலத்துலேருந்து வந்த சொந்தம் மொத்தமும் நிக்குது. ஒவ்வொருத்தரா ஒரு வார்த்தை பேசாம நகர்ந்து போறாங்க. அதுதான் முறை. இவ மட்டும் நேரா என் முன்னாடி வந்து, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "போயிட்டு வரேன் அங்கிள்"ங்கறா.

— தெருவே திரும்பிப் பாத்துச்சு. உங்க அண்ணிதான் மார்ல அடிச்சிகினாங்க. வரேன்னுட்டாளே, அடுத்த சாவுக்கு வரேன்னுட்டாளேன்னு. நைனா, தப்பா எடுத்துக்காத, இந்த ஊட்ல மிச்சம் கீறது நீ ஒருத்தர்தான். அப்ப அடுத்தது யாருன்னு பெருசா யோசிக்க வேண்டியதில்ல.

— எனக்கு எழுபத்தாறு ஆகுது. அதுக்கு ரேவதி வந்து சொல்லித்தான் ஆகணுமா?

— பாரு, சிரிக்கிறியே. அப்ப கோவம் இல்லியா?

— கோபம் இருக்கு. நிறையவே இருக்கு. ஆவடி பேக்டரியில வேலை பார்த்த காலத்துலயும் சரி, ரிட்டையர் ஆகி இந்த அண்ணனூர்ல வீடு கட்டினப்பவும் சரி, உத்தமன் முறை தவறினான்னு ஒருத்தர் சொன்னது கிடையாது. அதனாலதான் நான் சொல்ல வர்றது...

— முறைன்னு எடுத்தா நானும் கேப்பேன். ஐஸ் பொட்டி வந்து எறங்குது, கரண்ட் பூடுச்சு. எதிர் ஊட்டு யூசுப் பாய் அவுரு ஊட்லேர்ந்து ஒயர் இழுத்துக் குடுத்தாரு. ராத்திரி முச்சூடும் அதுலதான் ஓடிச்சு. அது உன் முறையில வருதா?

— அண்ணனும் கேட்டாரு, யார் வீட்டுக் கரண்டுன்னு. நம்ம வீட்டுதுதான்னு சொல்லிட்டேன்.

— அடப்பாவி நைனா, பொய்யா?

— இதுல என்ன பொய் இருக்கு? அந்த வீட்டுப் பிள்ளைங்க இந்த வீட்டுலதான் வளர்ந்துச்சுங்க. நம்ம வீடுன்னு சொன்னா தப்பா?

— சரி, பாய் ஊட்டு ஜமீலாக்கா? மூணு மாசமா அம்மாவுக்குக் கஞ்சி காச்சிக் குடுத்துச்சே. அதுக்கு இன்னா சொன்ன ஊர்ல?

— பார்வதமே எழுந்து வச்சுக்கிட்டான்னு சொன்னேன்.

— படுத்த படுக்கையா கெடந்தவங்களா?

— எங்க குடும்பத்துப் பெண்கள் அந்த மாதிரி, கடைசி வரைக்கும் அடுப்பை விடமாட்டாங்கன்னு சொன்னேன். அண்ணன் நம்பினாரு. அண்ணிதான் கொஞ்சம் முறைச்சாங்க.

— முறைக்காம இன்னா பண்ணுவாங்க. அடுப்புல நின்ன பொம்பள வெரல்ல ரோஸ் கலரு நெயில் பாலீஷு பளபளன்னு கீது. ரேவதி பூசி உட்டது.

— அதை வேற ஞாபகப்படுத்தாதே. எங்க வம்சத்துல யாரும் நெயில் பாலீஷோட போனதில்ல.

— அப்ப குளுப்பாட்டும்போது உங்க அண்ணி அத்தத் தொடைக்கணும்னு நின்னாங்களே, வேணாம், அப்பிடியே இருக்கட்டும்னு சொன்னது யாரு? நான் அங்கதான் தண்ணி ஊத்திகினு இருந்தேன்.

— அதைத் துடைக்கிற மருந்து வாசனை எனக்கு ஆகாது.

— ஆமா, ஆவாது. மூஞ்ச ஏன் அந்தப் பக்கம் திருப்பிக்கிற?

— பார்வதத்துக்கு ரோஸ் கலர் பிடிக்கும்னே எனக்குத் தெரியாது கோமளா. அந்தப் பொண்ணு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு விரலா பூசும். இவ கையை விரிச்சு வச்சுக்கிட்டு, காயட்டும், யாரும் தொடாதீங்கன்னு என்னையே அதட்டுவா. உள்ளே வலி தின்னுக்கிட்டிருக்கும். சிரிச்சுக்கிட்டு அதட்டுவா.

— அப்பிடிப்பட்ட பொண்ணப் போயி... நைனா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. உங்க அண்ணி போட்ட சத்தத்துல அது பயந்துபோய்க் கீது. படியில எறங்கும்போது செருப்பக் கையில எடுத்துகினு எறங்குது, உனக்குக் கேக்கக் கூடாதுன்னு.

— தெரியும். பூனை மாதிரி போறா. புருஷன் எழில் அதுக்கு மேல, அவன் நுனிக்காலால போறான். ரெண்டு பேரும் என் வீட்டுல திருட வந்த மாதிரி இருக்கு.

— நீ பாத்துகினுதான் கீறியா?

— ஜன்னல் என்னுடையது. பார்க்கக் கூடாதா?

— நான் கொணாந்து குடுக்கற கேரியரு கூட...

— அதுவும் தெரியும், மாடியில சமைச்சதுன்னு. நீ சாம்பார்ல வெல்லம் போடமாட்டே.

— தெரிஞ்சிகினேதான் கம்முனு துண்ணியா?

— சாப்பாட்டை வீணாக்குறது எங்க வீட்டுல பழக்கமில்ல.

— நல்ல ஆளு நைனா நீ. சரி, வெளயாட்டு வேணாம். இன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் வேப்பம்பட்டுல ஊடு பாக்கப் போறாங்க. புடிச்சா அங்கயே பூடுவாங்களாம். நம்மளால பெரியவருக்குக் கஷ்டம் வேணாம்னு அந்தப் பொண்ணு என் கடையில குந்தி அழுவுது. இட்லி வாங்க வந்தவனெல்லாம் சாவு என் ஊட்லன்னு நெனச்சிகினு துக்கம் விசாரிக்கிறான்.

— வேப்பம்பட்டா? எதுக்கு?

— எதுக்கா? நீ கதவச் சாத்திகினு கீறதுக்குத்தான். அன்னிக்கு உங்க அண்ணி கத்தும்போது நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தப் பேஜாரே இல்ல. கம்முனு நின்ன. அது என்னான்னு நெனைக்கும்?

— பத்து அடி தள்ளி என் பெண்டாட்டி படுத்திருந்த இடம் காலியா இருந்துச்சு. நான் அதைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன்.

— அது சரி. அது எனக்குப் புரியுது. அதுக்குப் புரியணுமே. கடசியா ஒரு தபா கேக்கறேன். ரேவதி இங்க இருக்கணுமா, போவணுமா? மன்னிப்பு கேக்கணும்னா கேக்கும். கால்ல வுழச் சொன்னாலும் வுழும்.

— கால்ல எல்லாம் விழ வேண்டாம். ஆனா அவ பண்ணது தப்பு. அதை நான் விடமாட்டேன். எங்க குடும்பத்துல ஒரு சொல் சொன்னா, அதுக்குன்னு ஒரு மரியாதை உண்டு.

— அய்யோ நைனா, அது தெரியாம சொல்லிட்ச்சு...

— சொன்னதைத் தப்புன்னு எப்ப சொன்னேன்? வந்ததுலேருந்து என்னை ஒரு வார்த்தை முழுசாப் பேச விட்டியா? சொந்தம் மொத்தமும் முறைப்படி சொல்லாம போச்சு. அதனால அவங்க யாரையும் நான் எதிர்பார்க்கல. வரேன்னு சொல்லிட்டுப் போனவ அவ ஒருத்திதான். தினமும் சாயங்காலம் ரெண்டு டம்ளர் காபி கலந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஏன் இன்னும் வரலைன்னு மாடிக்குப் போய்க் கேட்டுட்டு வா.