தண்ணீர் போதும் என்றவள்

தண்ணீரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது. நாளுக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறேன். இப்போதுகூட உங்கள் ஆள் கொண்டுவந்து வைத்ததைக் குடித்து முடித்துவிட்டேன். ஆனால் குடிப்பது வேறு, கல் வெட்டுவது வேறு. விமலாவுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் சுகுமார். வயது அறுபத்து மூன்று. அப்பா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். எங்கள் வீட்டில் எதையும் எழுதிப் பார்க்காமல் முடிவு செய்ததில்லை. நான் செம்பனை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் எண்ணெய் பரிசோதித்தவன். ஓய்வுபெற்ற பிறகு ஈஜோக்கில் ரவீந்திரன் நடத்தும் கல் பட்டறையில் தொழில்நுட்ப ஆலோசகராகச் சேர்ந்தேன். அந்தப் பதவி அங்கே முன்பு இல்லை. நான்தான் அதன் தேவையை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

ரவீந்திரனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எட்டு விரல்களில் மோதிரம். 'இரத்தின மாமணி' என்று பட்டம் வேறு. பட்டம் கொடுத்த சங்கத்துக்கும் அவரே தலைவர் என்பதால், விழாவில் யார் கையிலிருந்து யார் வாங்குவது என்று சிறிது குழப்பம் ஏற்பட்டதாகக் கேள்வி. ஒரே கல்லைத் தமிழருக்கு ராசிக்கல் என்பார், மலாய்க்காரருக்கு அவர்கள் மொழியில் 'பத்து சின்சின்', மோதிரக்கல், என்பார். அது வணிகம், அதில் நான் தலையிடவில்லை. என் துறை ரம்பம்.

சிறிய ரம்பம்தான். தையல் மெஷின் அளவு இருக்கும். விளிம்பில் வைரத்தூள் பதித்த வட்டத் தகடு; அதற்குக் கீழே ஒரு தொட்டி. தகடு தொட்டியில் முங்கி முங்கிச் சுழலும்போது, அதிலுள்ள திரவத்தை மேலே அள்ளிக்கொண்டு போய்க் கல்லின் சூட்டைத் தணிக்கும். அந்தத் திரவம் எதுவாக இருக்கவேண்டும் என்பது ஆழமான கேள்வி. நான் போகும்வரை அங்கே யாரும் அதைக் கேட்டதே இல்லை.

கல் வெட்டுகிறவள் விமலா. முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். தாய் தகப்பன் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள். கை சுத்தமான வேலைக்காரி, மறுக்கமாட்டேன். முதல் நாளே அவளிடம் என் ஆய்வைப் பற்றிச் சொன்னேன்.

"இதுக்கு எதுக்கு அங்கிள் ஆய்வு? தண்ணி ஊத்தி வெட்டுறோம். சாய்ந்தரம் தண்ணிய கொட்டிட்டு ப்ளேட்ட தொடச்சி வச்சா முடிஞ்சிச்சி லா."

"துரு?" என்றேன்.

"தொடச்ச இரும்புல எப்படி அங்கிள் துரு புடிக்கும்?"

என்னை சார் என்று கூப்பிடும்படி இரண்டு முறை சொல்லியிருந்தேன். அது அவள் வாயில் வரவில்லை.

இரண்டு மாதம் உழைத்துப் பதினெட்டுப் பக்க அறிக்கை தயாரித்தேன். சமையல் பாமாயில் பிசுபிசுத்து எறும்பை அழைத்தது. டீசலில் வெட்டிய கல்லை மோதிரத்தில் பதித்தால் விரலில் லோரி வாசனை வந்தது. மண்ணெண்ணெய் எண்பத்தேழு மதிப்பெண் எடுத்தது, தண்ணீர் நாற்பத்தொன்று. முதல் வரைவில் பாதுகாப்பு என்று ஒரு மதிப்பெண் பத்தியும் இருந்தது. அதைச் சேர்த்துக் கூட்டினால் தண்ணீர் முந்திவிட்டது. ஒரே ஒரு பத்தி முழு அறிக்கையின் சமநிலையைக் கெடுப்பது முறையல்ல என்பதால் அதை எடுத்துவிட்டேன். ரவீந்திரன் அறிக்கையைக் கையில் ஏந்திப் பார்த்து, "நல்ல கனம் சார்" என்றார். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிய மூன்றாம் நாள் விமலா, "தலை சுத்துது அங்கிள், சோறு எறங்க மாட்டுது" என்றாள். புதிய முறைக்கு ஊழியர் பழகும் காலம் என்று குறித்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறையில் வாசனைகூடக் குறைந்திருந்தது. திரவம் கல்லுக்குப் பழகி நிலைபெற்றுவிட்டது என்று ரவீந்திரனுக்கு விளக்கினேன். அவரும் தலையாட்டினார்.

பிறகு புக்கிட் பெருந்துங்கிலிருந்து சங்கத்து ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அவள் அப்போது வெட்டியிருந்த ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, வெட்டு முகம் கண்ணாடிபோல் இருப்பதற்கு மண்ணெண்ணெயே காரணம் என்று இருபது நிமிஷம் பேசினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். ஒருவர் குறிப்பும் எடுத்தார். விமலா வாயை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

"மன்னிச்சிருங்க அங்கிள். ரெண்டு வாரமா நான் தண்ணிதான் ஊத்துறேன். வேணும்னா விரல விட்டுப் பாருங்க."

குறிப்பு எடுத்தவர் விரலை விட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "தண்ணிதான்" என்றார். வேனில் ஏறும்வரை அவர்கள் சிரித்தார்கள். ஏறிய பிறகும் கேட்டது. ரவீந்திரன் என் தோளைத் தட்டி, "விடுங்க சார், கல்லு வெட்டுப்பட்டா சரி" என்றார். நானும் புன்னகைத்தேன். விமலா அன்று எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

ஒன்பது நாள் கழித்து ஆயுத பூஜை. அன்று பட்டறையில் எல்லா மெஷினையும் கழுவி, பொட்டு வைத்து, பூ சாத்துவோம். சூடம் காட்டும்போது மெஷினைச் சிறிது நேரம் ஓடவிடுவது அங்கே வழக்கம். ஓடுகிற மெஷினுக்குக் காட்டினால்தான் வருஷம் முழுவதும் வேலை நிற்காதாம். தகட்டுக்குப் பொட்டு வைக்க வசதியாக ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றிவிடுவார்கள். மூடி இருந்தால் தகடு வீசியடிக்கும் திரவம் உள்ளேயே தங்கும். இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் மேல் தூவும்.

அன்று காலை நான் எல்லோருக்கும் முன்பே போய்த் தொட்டியை நிரப்பினேன். மண்ணெண்ணெய்தான். வாசனை நீக்கிய ரகம், அதைத் தேடி வாங்கியிருந்தேன். சாம்பிராணிப் புகை வேறு மண்டியிருந்தது.

"தொட்டி ரொப்பியாச்சா அங்கிள்?" என்று விமலா கேட்டாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

"ரொப்பியாச்சு" என்றேன்.

எதை ஊற்றினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை.

சூடத்தட்டு ரவீந்திரன் கையில்தான் இருந்தது. எட்டு மோதிரமும் சூடேறத் தொடங்கியதும், கற்களுக்கு அது ஆகாது என்று தட்டை விமலாவிடம் நீட்டினார். "நீதானம்மா வெட்டுறவ. நீயே காட்டு" என்றார். அவளுக்குச் சந்தோஷம். மெஷின் ஓடியது. அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ரவீந்திரன் வெறும் கையால் அவள் மேல் பிடித்த தீயை அடித்து அணைத்தார். அவர் கைகள் இரண்டும் வெந்துவிட்டன. மோதிரங்களை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்களாம். நான் முறைப்படி முதலில் மின்சாரத்தை நிறுத்தினேன்.

அவள் பதினொரு நாள் கிடந்தாள். ஐந்தாம் நாள் நான் பார்க்கப் போனேன். மகள் வாசலில் பள்ளி உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் கொடுத்தேன், வாங்கவில்லை.

இனி நான் வந்த விஷயம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் இதை ஒரு விபத்து என்கிறார்கள். வயதான மனிதர், விவரம் தெரியாமல் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டார் என்று ரவீந்திரன் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். உங்கள் கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது, அதை மூடப்போகிறீர்கள். இதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். ஆனால் விமலா சாவதற்கு முந்தின நாள் கொஞ்சம் நினைவு வந்து நர்ஸிடம் பேசியிருக்கிறாள். நர்ஸ் அதை எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னார்.

"அங்கிள் மேல கேஸ் போட வேண்டாம்னு சொல்லுங்க. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது லா."

இப்படிச் சொல்லியிருக்கிறாள். நர்ஸ் அழுதார். வார்டு முழுக்க இது பரவியிருக்கும்.

ஒன்றும் தெரியாது என்றால் என்ன அர்த்தம்? இதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தொட்டியில் கிடக்கும் மண்ணெண்ணெய் ஒரு சிறு நெருப்புக்குச் சட்டென்று பற்றாது என்று எனக்குத் தெரியும். வேகமாகச் சுழலும் தகடு அதைப் பனிபோலத் தூவினால் நொடியில் பற்றும் என்றும் தெரியும். மூடி இல்லாவிட்டால் அந்தத் தூவல் எத்தனை அடி எட்டும் என்பதைப் பூஜைக்கு முந்தின நாள் அளந்தே பார்த்தேன்: இரண்டரை அடி. சூடத்தைத் தள்ளி நின்று காட்டினால் ஒன்றும் ஆகாது. குனிந்து காட்டவேண்டும். ரவீந்திரன் மோதிரச் சூடு தாங்காமல் தட்டை அவளிடம் கொடுப்பார் என்று தெரியும், போன வருஷமும் கொடுத்தாராம். அவள் குனிந்து காட்டுவாள் என்றும் தெரியும். அவளுக்கு அந்த ரம்பத்தின் மேல் அவ்வளவு பிரியம்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். அவள் நன்றாகக் குனியும்வரை காத்திருந்து, பிறகுதான் போட்டேன்.