ஹசிந்தா ஒலிவேராவின் பத்தொன்பது விநாடி

பெயர்: வென்செஸ்லாவோ பராஹாஸ்
தகப்பனார் பெயர்: கிரெசென்சியோ பராஹாஸ் (காலமானவர்)
வயது: 43
விலாசம்: 14ஆம் எண் டிரெய்லர் வீடு, மாப்டன் சாலை, சன்னிசைட், யாக்கிமா பள்ளத்தாக்கு, வாஷிங்டன் மாநிலம்
தொழில்: ரேடியோ லா கொசெச்செராவில் ஒலிபரப்பு இயக்குபவர் (அக்டோபர் 2 வரை)
நாள்: அக்டோபர் 23, முற்பகல் 10.20

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். எனக்கு ஸ்பானிய மொழிதான் சரளமாக வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து விசாரணை அதிகாரி முன் இந்த வாக்குமூலம் பதிவாகிறது. அக்டோபர் 2ஆம் தேதி நான் ஒலிபரப்பு அறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, அனுமதி இல்லாத ஒலிப்பதிவு ஒன்றைப் பரப்பி, நிலையத்தின் வியாபாரத்தைக் கெடுத்ததாக உரிமையாளர் ரிகோபெர்த்தோ சுனிகா புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் புகார் உண்மை. எப்படி அதுவரை வந்தது என்பதைச் சொல்கிறேன்.

நான் அந்த நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். விடியற்காலை உறைபனி எத்தனை டிகிரி, எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், யாருடைய நாய் காணாமல் போனது, யாருடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம், யார் செத்தார்கள் என்று எல்லாவற்றையும் எங்கள் ரேடியோதான் இந்தப் பள்ளத்தாக்குக்குச் சொல்கிறது. பழம் பிரிக்கும் ஷெட்களில் பழம் ஓடும் பெல்ட்டுக்கு மேலே எங்கள் நிலையம் நாள் முழுக்க ஓடும். இங்கிலீஷ் பேப்பரில் வந்ததை நம்பாதவர்கள்கூட நாங்கள் சொன்னதை நம்புவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் விற்றுத் தின்றோம்.

சென்ற வருடம் பிப்ரவரி மாதம் எவரிஸ்தோ கல்வான் என்பவரை முதலாளி அழைத்து வந்து, தினமும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை அவருக்கு நேரம் கொடுத்தார். அவரை டாக்டர் என்று அழைக்கும்படி எங்களுக்கு உத்தரவு. அவர் டாக்டர் என்பதற்கான எந்தக் காகிதத்தையும் நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. ரேடியோவில் யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவர் வெள்ளை கோட்டு போட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டுதான் மைக் முன்னால் உட்காருவார். அவர் விற்றது சாந்தா அவ்ரேலியா சொட்டு மருந்து. சர்க்கரை வியாதி, மூட்டு வலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்பார். மூடியைத் திறந்தால் அழுகின அன்னாசி வாடை அடிக்கும். அவர் போன பிறகு மைக் உறையில் அவருடைய சென்ட் வாடை நிற்கும், அதை நான் தினமும் கழற்றிக் கழுவிப்போட்டு வந்தேன்.

அதன்பிறகு, மருந்து குடித்துக் குணமானவர்கள் பேச வேண்டும் என்று முதலாளி தம் மைத்துனியையே மூன்று ஊர்ப் பெண்களாகப் பேசவைத்தார். ஒரு வாரத்துக்குள் பக்கத்து ஊரான கிரேஞ்சரிலிருந்து ஒருவர் நேயர் லைனில் கூப்பிட்டு, “ஏம்பா வென்செ, பாஸ்கோ அம்மாவுக்கும் மாப்டன் அம்மாவுக்கும் ஒரே ஜலதோஷமா? ரெண்டு பேரும் ஒரே மூக்குல பேசுறாங்களே” என்று கேலி செய்தார். அதை நான் முதலாளியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமான குரல் ஒன்று வேண்டும் என்றார்.

ஹசிந்தா ஒலிவேராவை எனக்கு எட்டு வருடமாகக் குரலால் தெரியும். வயது 52. மெக்ஸிகோவில் வஹாக்கா மலைக்காட்டு ஊரைச் சேர்ந்தவர், இங்கே செர்ரி, ஆப்பிள் ஷெட்டில் வேலை. கணவர் பெயர் நசாரியோ. ஒவ்வொரு மே பத்தாம் தேதியும், அன்னையர் நாளுக்கு, நேயர்கள் ஊரில் இருக்கும் தங்கள் தாய்க்கு ரேடியோ வழியாக வாழ்த்துச் சொல்வது எங்கள் நிலையத்தின் வழக்கம். ஊரில் பேரப்பிள்ளைகள் போனில் போட்டுக் கேட்கவைப்பார்கள். ஹசிந்தாதான் எப்போதும் முதல் ஆளாகக் கூப்பிடுவார். தாயை விசாரித்துவிட்டு, ஆட்டை விசாரிப்பார், சண்டைக்கார அண்டைவீட்டுக்காரியையும் பேர் சொல்லி விசாரிப்பார். பள்ளத்தாக்கில் அவர் முகம் தெரியாதவர்களுக்கும் அவர் குரல் தெரியும்.

இந்த வருடம் ஜூன் 12ஆம் தேதி காலை ஒன்பது ஐம்பதுக்கு அவர் நேயர் லைனில் கூப்பிட்டார். வருகிற அழைப்புகளைப் பதிவு செய்வது என் வேலை என்பதால் பதிவு செய்தேன். நான்கு நிமிடம் பதினோரு விநாடி பேசினார். பேசியதன் முக்கியமான பகுதி பின்வருமாறு:

“தம்பி வென்செ, பெல்ட்டுகிட்ட எட்டு மணி நேரம் நிப்பேன், பாதம் ரெண்டும் தீயா எரியும். ரேடியோவே சொல்லுதேன்னு இந்தச் சொட்டை வாங்கிக் குடிச்சேன். ஒரே வாரத்துல எரிச்சல் நின்னுபோச்சு. குணமாயிடுச்சுன்னு நெனச்சேன் தம்பி. இல்ல, கால் மரத்துப்போயிருக்கு. மரப்பெட்டி ஆணி குத்தி ஏறியிருக்கு, ரத்தத்தைப் பாத்துதான் எனக்கே தெரியுது. உங்க டாக்டர் இன்சுலின் ஊசிய நிறுத்துன்னாரு, நிறுத்திட்டேன். இப்பப் புண்ணு கறுத்துக்கிட்டு வருது. இதக் குடிக்காதீங்கன்னு ரேடியோல சொல்லுங்க தம்பி, எல்லாருக்கும் சொல்லுங்க.”

நான் அந்தப் பதிவை உடனே முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். நிகழ்ச்சியை நிறுத்துவார் என்று நினைத்துதான் போட்டேன். அவர் சூரியகாந்தி விதை மென்று தொலியைக் காபிக் கப்பில் துப்பிக்கொண்டே கேட்டார். “எரிச்சல் நின்னுபோச்சு” என்ற இடத்தில் எச்சில் விரலால் அவரே பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

“இதோட போதும். கடைசியில எல்லாருக்கும் சொல்லுங்கன்னு ஒண்ணு வருதே, அத எடுத்து இங்க ஒட்டு.”

“முதலாளி, அந்தம்மா வேணாம்னுல்ல சொல்றாங்க.”

“அவங்க சொன்னதத்தானே போடுறோம். ஒரு வார்த்தை நாம சேத்தோமா? உன்னால முடியலன்னா சொல்லு, முடிஞ்சவன் எத்தனையோ பேர் வெளிய நிக்கிறான்.”

அதன்பிறகு நான் வெட்டினேன். எரிச்சல் நின்றது என்பதற்கும் எல்லாருக்கும் சொல்லுங்கள் என்பதற்கும் நடுவில் ஒட்டு தெரிந்தது. அதனால் அவர் வேறோர் இடத்தில் இழுத்த மூச்சு ஒன்றை எடுத்து நடுவில் வைத்தேன். சந்தோஷத்தில் தொண்டை அடைத்துப் பேசுவதுபோல் கேட்டது. மொத்தம் பத்தொன்பது விநாடி. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து அது விளம்பரமாக நாளுக்கு ஆறு முறை போனது. கம்ப்யூட்டரில் நேரம் குறித்து வைத்ததும் நான்தான். ஹசிந்தா அந்த வாரத்திலேயே நான்கு முறை கூப்பிட்டார். நம்பரைப் பார்த்துவிட்டு நான் எடுக்கவில்லை.

ஜூலை 8ஆம் தேதி நசாரியோ அவரைத் தாங்கிப் பிடித்தபடி நிலையத்துக்கே கூட்டி வந்தார். வலது காலில் துணி சுற்றி, ஆண்கள் போடும் பெரிய ரப்பர் செருப்பு போட்டிருந்தார். அப்போதுதான் முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்தேன். சிறிய உருவம். வரவேற்பு அறை ஸ்பீக்கரில் அவருடைய குரலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

“என் வாயாலயே என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே தம்பி. ஷெட்டுல என் பக்கத்துல நிக்கிற மூணு பேரு, ஹசிந்தாவே சொல்றாளேன்னு வாங்கிக் குடிக்கிறாங்க. வேணாம்டின்னு சொன்னா, மருந்து தீர்ந்துரும்னு எங்களுக்கு மறைக்கிறியான்னு கேக்குறாளுங்க. நான் சொல்றத விட ரேடியோவுல நான் சொன்னதத்தான் நம்புறாளுங்க.”

அந்த அறையில் புண்ணின் வாடை இருந்தது. முதலாளி வெளியே வந்து, ஹசிந்தா இப்போது எவ்வளவு பிரபலம் என்று சொல்லி, நிலையத்தின் காலண்டர் ஒன்றும் சொட்டு மருந்து ஆறு புட்டியும் கையில் கொடுத்தார். நசாரியோ புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அதற்கு முதலாளி, அவர் தோளில் கைபோட்டு, “போங்கண்ணே, தாராளமாப் போங்க. அங்க போனதும் முதல்ல உங்க குடியேற்றக் காகிதத்தத்தான் கேப்பாங்க. இருக்குல்ல?” என்றார். நசாரியோ புட்டிகளை மேசைமேல் வைத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். காலண்டரை மட்டும் ஹசிந்தா ஏனோ கையிலேயே வைத்திருந்தார். முதலாளி புட்டிகளை எண்ணித் திரும்ப அலமாரியில் அடுக்கினார். நான் உள்ளே போய்ப் பதினொரு மணிச் செய்தியைப் போட்டேன்.

செப்டம்பர் 29ஆம் தேதி ஹசிந்தா மருத்துவமனையில் இறந்துபோனார். முதலில் காலை வெட்டி எடுத்தார்கள், அதன்பிறகும் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று நசாரியோ சொல்லித் தெரிந்துகொண்டேன். அக்டோபர் 1ஆம் தேதி மரண அறிவிப்பு எழுதின காகிதத்தோடு அவர் நிலையத்துக்கு வந்தார். எங்களைத் தேடி ஏன் வந்தார் என்று அதிகாரி கேட்டார். வேறு எங்கே போவார்? பள்ளத்தாக்கில் ஒரு சாவு ரேடியோவில் வாசிக்கப்படாவிட்டால் செத்தவருக்காகச் சொல்லும் ஜெபமாலைக்கு ஆள் வராது. அதற்காகத்தான் எங்கள் வாசலை மறுபடி மிதித்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மரண அறிவிப்பு. வழக்கமாக வாசிக்கும் பெண் அன்று விடுமுறை, அதனால் நான் வாசித்தேன். ஹசிந்தா ஒலிவேரா, வயது 52, ஜெபமாலை மாலை ஆறு மணிக்கு, வருகிறவர்கள் ஒரு தட்டு உணவு கொண்டு வந்தால் நல்லது என்று எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தேன். நசாரியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசித்து முடித்து மைக்கை அணைத்தேன். உடனே கம்ப்யூட்டர் அடுத்த விளம்பரத்தைப் போட்டது. எரிச்சல் நின்றுபோனது என்றும் எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றும் ஹசிந்தா பேசினார்.

அந்த விளம்பரத்துக்குப் பகல் பன்னிரண்டு மணி என்று ஜூனில் குறித்து வைத்தது நான். காலையிலிருந்து அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பத்தொன்பது விநாடியும் நான் நிறுத்தவில்லை. நசாரியோ தொப்பியைத் திரும்பப் போடாமலே வெளியே போய்விட்டார். போன் லைன் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது. ஷெட்டிலிருந்து பேசிய ஒரு பெண், “பெல்ட்ட நிறுத்திட்டோம்டா. செத்தவளை வச்சு வியாபாரம் பண்ற நாய்ங்களா, நீங்க எதைத்தான் திங்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். முதலாளியிடம் போய் அந்த விளம்பரத்தை எடுக்கலாமா என்று கேட்டேன். “சாவு அறிவிப்பு கேட்டதுல பாதிப் பேருக்கு விளம்பரத்துல பேசுறதும் அவதான்னு தெரியாது. நல்ல குரல்யா. சனிக்கிழமை வரைக்கும் ஓடட்டும்” என்றார். பல்லிடுக்கில் விதைத் தொலி ஒட்டியிருந்தது.

மறுநாள் அக்டோபர் 2, காலை பத்து மணிக்கு எவரிஸ்தோ கல்வான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நிற்கையிலேயே நான் அறையை உள்பக்கம் தாழிட்டு, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, ஹசிந்தாவின் முழுப் பதிவையும் வெட்டாமல் இரண்டு முறை போட்டேன். இரண்டுக்கும் நடுவில் மைக்கைத் திறந்து, வெட்டியவன் நான்தான் என்று என் பேரைச் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை ஓடும்போது கல்வான் முதலில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார், பிறகு கோட்டைக் கழற்றி மடித்தார், அதன்பிறகு பின்வாசல் வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் நிலையத்து வாசலில் சொட்டு மருந்துப் புட்டிகள் குவிந்தன. சிலது காலி, சிலது பாதி. ஹசிந்தாவின் பக்கத்தில் நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் இன்சுலின் ஊசிக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்றாமவர் ஒதிலியா என்பவர், இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார்.

வெட்டாத பதிவை ஏன் அழிக்காமல் வைத்திருந்தாய், மனசாட்சி உறுத்தியதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவர் குரல் அடுத்த மே பத்தாம் தேதிக்கு உதவும் என்று வைத்திருந்தேன். அவ்வளவுதான். இப்போது கடைகளில் என்னைப் பார்க்கிறவர்கள், நல்ல காரியம் செய்தாய் என்று கையைப் பிடிக்கிறார்கள். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல் இருக்கிறது. நூற்றுப் பதினோரு நாள், நாளுக்கு ஆறு முறை போட்டவன் நான். சரியாகப் போட்டது இரண்டே முறை.

மேற்படி முழுப் பதிவையும், வெட்டிய பதிவையும், ஹசிந்தா தன் தாய்க்கு எட்டு வருடம் சொன்ன வாழ்த்துகளையும் ஒரே குறுந்தகட்டில் இன்று ஒப்படைக்கிறேன். வாழ்த்துகளுக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு சென்ற ஞாயிற்றுக்கிழமை நசாரியோ வீட்டுக்குப் போனேன். ஊரில் அந்தத் தாய்க்கு அனுப்பலாம் என்று சொன்னேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். சமையலறைச் சுவரில் எங்கள் காலண்டர் தொங்கியது.

“அதுல எது அவ பேசினது, எது நீங்க பேசவச்சதுன்னு நான் எப்படிங்க கண்டுபிடிப்பேன்? உங்க கை பட்ட குரல் எங்களுக்கு வேணாம்” என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, என் மொழியில் எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினார்கள். கேட்டேன். எதுவும் வெட்டப்படவில்லை, எதுவும் ஒட்டப்படவில்லை, மேலே உள்ளது முழுவதும் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வென்செஸ்லாவோ பராஹாஸ்