சிவப்புக் கோடு விழ வேண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். நான் சுடலைச்செல்வி. மில்லர்புரம் ஆய்வகத்தில் முனைவர் நேசக்குமார் அவர்களோடு வேலை பார்த்தவள். போன வாரம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. நல்ல மனுசனுக்குத்தானா இந்தச் சாவு!

என்ன செய்தார் எங்கள் முனைவர்? வலையைப் பிரிக்கும்போது கடல்பாம்பு கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. கடிவாயில் ஒற்றியெடுத்து, அவர் உருவாக்கிய சோதனைப் பட்டையில் வைத்தால், விஷமிருந்தால் சிவப்புக் கோடு விழும். அதற்கு, விஷத்தைப் பிடிக்கிற புரதத்தோடு சாயத்தைக் கட்ட வேண்டும். கட்டிப்போடும் ரசாயனத்துக்கு லிங்கர் என்று பெயர். ஈரம் பட்டால் அது வீணாகிவிடும். நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமா? ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை, குளிர் முழுக்க விடும்வரை திறக்கவே கூடாது; திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்துவிடும்.

எங்களைத் திட்டித் திட்டி அதைப் பழக்கியவரே, படகுகள் புறப்படுகிற அவசரத்தில் ஒருநாள் குப்பியைக் குளிரோடு திறந்துவிட்டார். பட்டைகள் கடலுக்குப் போன பிறகுதான் மீதியைச் சோதித்தோம். விஷத்தை வைத்தும் கோடு விழவில்லை! கோடு இல்லையென்றால், கடிபட்டவன் ஒன்றுமில்லை என்று நம்பிக் கடலிலேயே இருந்துவிடுவானே!

மறைத்தாரா? மழுப்பினாரா? ஓடிப்போய் ஒயர்லெஸ்ஸைப் பிடித்தார். "தப்பு என்னுது. பட்டைய நம்பாதீங்க. கடிச்சா ஒடனே கரைக்குத் திரும்புங்க" என்று எல்லாப் படகுக்கும் சொன்னார்.

பக்கத்தில் நின்ற மீனவர் அமலன் அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை. "ஒம்ம தப்ப நீரே ஊருக்குச் சொல்லுதீரே, மானம் போவாதா?"

"மானம் போனாப் போவட்டும்யா. உசுரு போயிரக்கூடாது."

அப்பேர்ப்பட்ட மனிதரை இழந்து நிற்கிறோம். எனக்கு நெஞ்சு எரிகிறது.

தலைவர் அவர்களே, சற்றுமுன் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அவர் இல்லாமல் ஆய்வகம் நடக்காது, மாதக் கடைசியில் மூடிவிட்டு அவர் பெயரில் மண்டபம் கட்டுவோம் என்றீர்கள். மண்டபமா? பாம்பு கடித்தவனை மண்டபத்திலா கொண்டுபோய்க் கிடத்துவது? கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான்!

புரதம் இருக்கிறது. அதோடு சாயத்தைக் கட்டத் தெரிந்த கைகள் எங்களிடம் இருக்கின்றன. அடக்கம் முடிந்த மறுநாளே வேலையில் இறங்கிவிட்டோம். நேற்றுச் சோதித்த பட்டை ஒவ்வொன்றிலும் கோடு விழுந்தது.

திங்கட்கிழமை படகுகளுக்குப் பட்டை போகும். பூட்டோடு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். நாங்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருப்போம்.