பதினாலாவது பதிவு

– இன்னொரு கரண்டி சூப் ஊத்தட்டுமா, அடெரிட்டோ அண்ணே?

– போதுமுங்க, பால்மிரா அம்மணி. காலேஜ் படிக்கிற பையனக் கூட்டிட்டுப் போக இந்த கோயிம்ப்ராவுக்கு வந்தவன், மூணு நாளா உங்க வீட்ல தின்னேன், தூங்குனேன், ஆத்தங்கரையில உக்காந்தேன். எங்க ஊர்ல பன்னிக்குக் கூட இத்தன ஓய்வு கிடையாதுங்க. டெல்மோ எங்க?

– மாடியில தூங்குறான்.

– மணி பன்னண்டு ஆச்சுங்களே.

– அதான் சொல்றேன், இன்னும் நேரம் இருக்கு. ராத்திரி அவங்க மாணவர் மூத்தோர் சங்கத்துல பெரிய கூட்டம். புதுசா சேந்த பசங்க குடை பிடிக்கலாமா கூடாதான்னு விவாதம். பாவம், அஞ்சு மணிக்குத்தான் வந்தான்.

– என்ன முடிவு பண்ணாங்க?

– அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்னு.

– பாருங்க அம்மணி, செவ்வாக்கெழம வந்தேன். ‘முதல்ல களைப்பு தீரட்டும்ணே’ன்னு பூங்காவுக்கு அனுப்புனீங்க. புதன்கெழம கேட்டேன். ‘அவன் நல்ல மனநிலையில இருக்கட்டும்’னு ஆத்துப் பக்கம் தள்ளி விட்டீங்க. இன்னைக்கு வியாழக்கெழம. அஞ்சு மணிக்கு பஸ்ஸு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எங்க ஊர்ல கூட்டம். குவாரிக்காரங்க மலைய வெட்டுறதுக்கு ஒப்புதல் கேக்குறாங்க. மலையோட சேந்து என் ஆலிவ் தோப்பும் போவுது. எங்கப்பன் கையால வெச்ச மரம், நூத்தி இருவது. எங்க பக்கம் எந்திரிச்சு சட்டம் பேசறதுக்கு என் பையன விட்டா ஆளு கிடையாதுங்க.

– தெரியுமே. மூணு நாளா சொல்லிட்டுத்தானே இருக்கீங்க.

– பத்திரிகையில அவன் படம் வந்தப்போ பாதிரியாரு பூசை முடிச்சு, எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டுனாருங்க. ‘மாணவர்களில் மூத்தோர்க்கெல்லாம் தலைவர்’னு போட்டிருந்துச்சு. கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு ஊர்வலத்துக்கு முன்னால நடந்து வாரான். வாணம் விட்டோம். என் சம்சாரம் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, அந்தோணியாரு படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கா.

– பக்கத்துலயா?

– கொஞ்சம் மேலதானுங்க.

– அண்ணே, அந்தத் தலைவர் பதவி எப்படிக் கிடைக்கும்னு அவன் உங்ககிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கானா?

– மார்க்க வெச்சுத்தானே?

– கொஞ்சம் ஒயின் ஊத்திக்கோங்க.

– அம்மணி, எங்க ஊர் மாட்டு வைத்தியரும் மாடு பொழைக்காதுன்னு சொல்றதுக்கு முன்னால இப்படித்தான் நம்மள ஒயின் குடிக்கச் சொல்வாரு.

– வருசா வருசம் செப்டம்பர் வந்தா காலேஜ்ல எல்லாரும் பேர் பதியணும்ல? அந்தப் பதிவத்தான் இங்க எண்ணுவாங்க. யாருக்குப் பதிவு ஜாஸ்தியோ அவங்க மூத்தவங்க, அவங்கதான் தலைவர். நாலே பதிவுல பாஸாயிட்டுப் போறவன ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க.

– சரிதான். நெறையப் பதிவுன்னா நெறையப் படிப்பு.

– படிச்சு முடிச்சவன் எதுக்கு அண்ணே திரும்பப் பதியப் போறான்?

– அந்த ஒயினக் குடுங்க.

– மெதுவா, மெதுவா.

– டெல்மோ எத்தன தடவ பதிஞ்சிருக்கான்?

– பதினாலு.

– நாலு வருசப் படிப்பு. பதினாலு வருசமா முடிக்கல. அதுக்காகவே அவனத் தலைவனாக்கி ஊர்வலத்துல முன்னால விட்டிருக்கீங்க.

– நானா விட்டேன்? அது இந்த ஊர் வழக்கம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே உள்ளது.

– எங்க ஊர்லயும் காய்க்காத மரத்துக்கு ஒரு வழக்கம் இருக்குதுங்க. கோடாலி.

– சத்தம் போடாதீங்க, முழிச்சிருவான்.

– முழிக்கட்டும் அம்மணி. பதினாலு வருசம் ஆச்சு.

– அவனை முட்டாள்னு நினைச்சிராதீங்கண்ணே, எனக்குக் கோவம் வரும். சட்டம் பூராவும் தலைகீழா ஒப்பிப்பான். பல்கலைக்கழக வாத்தியாருங்களே ஏதாவது சந்தேகம்னா இந்த வாசல்ல வந்து நிப்பாங்க. அவனுக்கு பாக்கி ஒரே ஒரு பரீட்சை, ரோமானியச் சட்டம். ஒவ்வொரு ஜூன் மாசமும் நானே காபி போட்டுக் குடுத்து அனுப்புவேன். போவான். கையெழுத்துப் போடுவான். வெள்ளைத்தாள அப்படியே குடுத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவான்.

– நீங்க என்ன பண்ணுவீங்க?

– ஆட்டுக்கறி வெச்சிருப்பேன். அவனுக்குப் பிடிக்கும்.

– திட்ட மாட்டீங்களா?

– கறி ஆறிடுமேன்னு விட்டுருவேன்.

– நல்ல வீடு பாத்துத்தான் என் பையன விட்டிருக்கேன்.

– காலை வணக்கம் அப்பா. காலை வணக்கம் பால்மிராம்மா. என் மீது குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும் ஓசை மாடி வரை கேட்டது.

– வாடா டெல்மோ. அங்கியோடவா படுத்த?

– அடிப்படையில் இது பல்நோக்கு ஆடை அப்பா. பகலில் கௌரவம், இரவில் போர்வை.

– டெல்மோ, அப்பாகிட்ட சொல்லிட்டேன்பா.

– எதுவரைக்கும்?

– பதினாலு வரைக்கும்.

– அப்படியானால் முட்டை வேண்டாம். காபி மட்டும் போதும்.

– ஒரே ஒரு பரீட்சை. ஏன்டா எழுதல?

– எழுதினால் பாஸாகிவிடுவேன்.

– அதுக்குத்தானேடா பரீட்சை வெக்கிறாங்க.

– அப்பா, நிதானமாக யோசியுங்கள். இன்று நான் தெருவில் இறங்கினால் முந்நூறு பேர் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். பேராசிரியர்கள் தலையசைக்கிறார்கள். பாஸான மறுநாள் நான் யார்? வேலை தேடும் வக்கீல். இந்தக் கோயிம்ப்ராவில் எந்தக் காபிக்கடைக்குப் போனாலும் மூன்று வக்கீல்கள் இருப்பார்கள். ஒருவர் காபி குடிப்பார், இரண்டு பேர் கொண்டுவந்து வைப்பார்கள்.

– ஊருக்கு வா. அங்க உனக்கு மரியாதை இல்லையா?

– அது படித்து முடித்த டெல்மோவுக்கு வைத்திருக்கும் மரியாதை. அவரை எனக்குப் பழக்கமில்லை.

– வாயப் பாரு. சரி, நாளைக்குக் கூட்டத்துல பேசறதுக்குப் பட்டம் வேணுமா?

– வேண்டியதில்லை. அது பொது விசாரணை. நிலத்துக்காரர் பேசலாம், அவர் பிள்ளையும் பேசலாம். ஓடைத் தண்ணீர் பற்றி அவர்கள் கொடுத்திருக்கும் ஆய்வறிக்கை காலாவதியானது. தேதியைச் சுட்டிக்காட்டினாலே விசாரணை நின்றுவிடும். போன மாதமே பார்த்துவிட்டேன்.

– போன மாசமேவா? எனக்கு ஏன்டா எழுதல?

– எழுதினால் என்னை வரச் சொல்வீர்கள்.

– சரி, ஒரு தாள்ல எழுதிக் குடு. நானே போய் வாசிக்கறேன்.

– அவர்களுடைய வக்கீல் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள்?

– கைய நீட்டுவேன்.

– அதைத்தான் சொல்கிறேன்.

– நானும் அதத்தான்டா சொல்றேன். எனக்கு அடிக்கத்தான் தெரியும், பேசத் தெரியாது. நேத்து உங்கம்மா போன்ல அழுதா. அந்தத் தோப்பு போச்சுன்னா எங்களுக்கு வேற ஒண்ணுமே இல்ல டெல்மோ. அப்பன் கெஞ்சறேன்டா. வா.

– அப்பா, அங்கே நான் எழுந்து நிற்கும்போது, ‘தம்பி என்ன முடித்திருக்கிறார்’ என்று ஒருவன் கேட்டால்? நீங்கள் வாணம் வேறு விட்டிருக்கிறீர்கள்.

– இதுக்குத்தான் பயமா?

– பயம் இல்லை, விதி. மே மாத மாணவர் திருவிழா முடியும்வரை தலைவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மூத்தோர் சங்கத்தின் சட்டம்.

– பெத்த அப்பன் கூப்பிட்டாலுமா?

– அந்தச் சட்டத்தில் அப்பா என்ற சொல்லே கிடையாது. தலைவருக்கு உத்தரவு போட, அவரைவிட அதிகப் பதிவு உள்ள மாணவரால் மட்டுமே முடியும். அப்படி ஒருவர் வந்து ‘போ’ என்று சொல்லட்டும், இந்த நிமிடமே கிளம்புகிறேன். அங்கியின் மேல் சத்தியம். ஆனால் அப்படி யாரும் கோயிம்ப்ராவில் இல்லை.

– அம்மணி, நீங்களாவது சொல்லுங்களேன். ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க?

– அந்த மேல் அலமாரியக் கொஞ்சம் திறங்கண்ணே, எனக்கு எட்டாது. அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒரு கவர் இருக்கும்.

– இதுங்களா?

– அதேதான். உள்ள ஒரு அட்டை இருக்கு. வாசிங்க.

– கண்ணாடி இல்லீங்களே. டெல்மோ, இந்தா, நீ வாசி.

– மாணவர் அடையாள அட்டை. பால்மிரா டோஸ் ரெய்ஸ். இலக்கியத் துறை, முதலாம் ஆண்டு. செல்லுபடி… இந்த வருட முத்திரை குத்தியிருக்கிறது. பால்மிராம்மா, இது என்ன?

– எங்க வீட்டுக்காரர் தவறுனப்போ சேந்தேன். வீட்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. ரெண்டு வகுப்பு போனேன். அப்புறம் மாடியில வாடகைக்குப் பசங்க வந்தாங்க, அடுப்ப விட்டு நகர முடியல. ஆனா செப்டம்பர் வந்தா போய்ப் பதிஞ்சிருவேன். மாணவர் சாப்பாட்டுக் கூடத்துல வெள்ளிக்கிழம மீன் நல்லாருக்கும்.

– உங்கள் சங்கத்துக்கு… அதாவது எங்கள் சங்கத்துக்கு இது தெரியாதா?

– சங்கத்துப் பக்கம் எனக்கு என்ன வேலை? குடை பிடிக்கலாமா கூடாதான்னு ராத்திரி முழுக்கப் பேச என்னால முடியாதுப்பா.

– எத்தனாவது பதிவு?

– இருபத்தாறு.

– ஏனுங்க அம்மணி, அப்படின்னா இவனுக்கு…

– ஆமாண்ணே. இவனுக்கும் மேல நான். டெல்மோ, பெட்டியக் கட்டு. அஞ்சு மணி பஸ்ல அப்பாவோட ஏறு. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தக் கூட்டத்துல எழுந்து நின்னு, என்ன முடிச்சிருக்கேன்னு எவன் கேட்டாலும் ஒண்ணும் முடிக்கலன்னு சொல்லிட்டு, அந்த அறிக்கைத் தேதியப் பேசு. ஜூன்ல வந்து பரீட்சைய எழுது. உத்தரவு.

– கும்புடறேனுங்க அம்மணி. இந்த நன்றிய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

– நன்றியெல்லாம் எனக்கு வேணாம். ரொட்டி வெச்சுக் கட்டித் தரேன், வழியில சாப்பிடுங்க. என்ன டெல்மோ, அங்கேயே நிக்கிற?

– பதினாலு வருசம் இதே மேசையில சாப்பிட்டேன். ஒவ்வொரு ஜூனும் வெள்ளைத்தாளக் குடுத்துட்டு உங்க முன்னாடிதான் வந்து உக்காந்தேன். ‘எழுதுடா’ன்னு ஒரு வார்த்தை உத்தரவு போட்டிருந்தா எழுதியிருப்பேனே. ஏம்மா சொல்லல?

– எழுதியிருந்தா நீ போயிருப்பியே, டெல்மோ.