பினாயில் ஊற்றிய தொட்டி

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த நம் பேராசிரியர் அம்மையாரின் கணவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். விடுதிக் காப்பாளர் என்ற முறையில் அம்மையாரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் எல்லாமே நல்ல வார்த்தையாக இருக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. வயிறு எரிகிறது எனக்கு!

நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியர் என்று பின்னால் பதாகையில் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் அவரை என்னவென்று அழைத்தார்கள்? தொட்டி மேடம்! விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பயோகேஸ் தொட்டி அவர் கேட்டு, சண்டை போட்டு வாங்கியது. மிச்சச் சோறும் காய்கறித் தோலும் உள்ளே போகும், எரிவாயு அடுப்புக்கு வரும். "இதை நடத்தப் போறது நீங்கதான். நான் பக்கத்துல நின்னு திட்டுறதுக்கு மட்டும் வருவேன்" என்று மாணவர்களிடம் ஒப்படைத்தார். கழிவைப் பிரிப்பதும், கரைத்து ஊற்றுவதும், குழாயில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும் பிள்ளைகள்தான். திட்டுவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் நாள் ஒருவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். "ஏம்பா, நேத்து நீ தட்டுல மிச்சம் வச்சதுதான் இது. உன் சோறு உனக்கே நாறுதா?" என்றார். அன்று முதல் அவன் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. பிறகு அவன்தான் குழுவுக்கே தலைவன் ஆனான். அவன் இன்று இந்த அரங்கில் இருக்கிறானா? இல்லை. வளாகத்துக்குள் நுழைய அவனுக்கு அனுமதி இல்லை! அவனோடு வேலை செய்த இன்னும் மூன்று பேருக்கும் இல்லை.

ஏன் இல்லை? ஆய்வுக் குழு வருகிறது, தொட்டிப் பக்கம் வாடையே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கழிவு ஊற்றும் வாய் வழியாகவே கேன் கேனாகப் பினாயில் உள்ளே போயிற்று. ஊற்றிய தொழிலாளியைக் கேட்டேன். "கமகமன்னு இருக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க சார். நான் என்ன பண்றது?" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கழிவைச் செரிக்கும் கிருமிகள் அத்தனையும் உள்ளேயே செத்தன. ஆய்வுக் குழுவின் முன்னால் அடுப்பைத் திருகினார்கள், எரியவில்லை. உடனே மாணவர்களின் அலட்சியம் என்று சொல்லி நான்கு பேரை இடைநீக்கம் செய்தார்கள், தேர்வும் எழுதக் கூடாது என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

அம்மையார் நேராகப் பதிவாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "நல்லா இருந்த வயித்துல விஷத்தை ஊத்திட்டு, சோறு போட்ட கையைப் பிடிச்சுக் கட்டுறீங்களே, நியாயமா சார்?" என்று கேட்டார். பதிவாளர் அவர்களே, நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "கமிட்டி பார்த்துக்கும் மேடம்" என்றீர்கள். எந்தக் கமிட்டி? எப்போது கூடியது? அதன்பிறகு அவர் ஏறி இறங்காத அலுவலகம் இங்கே உண்டா? மாடிப்படியே ஏறக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்த இதயம் அது!

சற்று முன் துணைவேந்தர் அறிவித்தார், தொட்டிக்கு அம்மையாரின் பெயரைச் சூட்டிப் பளிங்குக் கல் பதிப்பார்களாம். இருந்தவரை உட்கார ஒரு நாற்காலி போடவில்லை, போனபிறகு கல் பதிக்கிறீர்களா? பூட்டிக் கிடக்கும் செத்த தொட்டிக்குப் பெயர் ஒரு கேடா? ஐயா, கல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டியை நாங்கள் காலி செய்வோம். புதுச் சாணக் கரைசல் விட்டு, பச்சைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவு ஊற்றி, மறுபடி எரிய வைப்போம். நடத்தப் போவது மாணவர்கள்தான், அந்த நால்வரையும் சேர்த்து. இதற்காக என் வேலை போனால் போகட்டும்.

கடைசியாக ஒன்று. மருத்துவமனையில் நடந்ததை அவர் கணவர் நேற்று என்னிடம் சொன்னார். "மூச்சுக்கு வச்ச மாஸ்க்கை இழுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பசங்களைப் பரீட்சை எழுத விட்டாங்களான்னு. விட்டாங்கம்மான்னு பொய் சொல்லிட்டேன் சார்."

பெரியோர்களே, தேர்வு திங்கட்கிழமை தொடங்குகிறது. அந்த மனிதர் சொன்ன பொய்யை மெய்யாக்க உங்கள் ஒரு கையெழுத்து போதும். அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மாணவர்களே, எழுந்து நில்லுங்கள். மேடையைப் பார்த்துக் கேளுங்கள். கையெழுத்து விழுந்த பிறகு மௌனமாக நிற்போம். அதுவரை யாரும் வாயை மூட வேண்டாம்.