தேசிங்கு கடலுக்குப் போகிறான்

— நாப்பத்தோரு மணி நேரம்தான் இருக்குது வாணி. ஞாயித்துக்கெழம விடியக்காலம் அஞ்சு மணிக்கு வேன் வாசல்ல நிக்கும். இப்ப வந்து கடல் வேணாம்னா இன்னா அர்த்தம்?

— வேணாம்னு சொல்லலண்ணி. அடுத்த மாசம் போலாமான்னுதான் கேட்டேன்.

— அடுத்த மாசம் உன் வூட்டுக்காரனுக்கு லீவு கெடைக்குமா? என் தம்பிய எனக்குத் தெரியாதா. இந்த ஒரு ஞாயித்துக்கெழமைக்கே ஷோரூம் மேனேஜருகிட்ட நாலு வாட்டி தலைய சொறிஞ்சானாம்.

— அவரும் அதான் சொன்னாரு. இப்ப விட்டா ஆயுத பூஜைக்குத்தானாம்.

— பின்ன? அந்தப் பைய இப்டி குடு. இன்னாடி இது, எட்டு செட்டு டிரெஸ்ஸு. செஞ்சிய விட்டு மரக்காணத்துக்கு ஒரு நாளு போறமா, ஒரேயடியா குடி போறமா?

— எல்லாம் உங்க பொண்ணுங்களுதுதாண்ணி. ஒருத்திக்கு நாலு. மணலு, உப்புத்தண்ணி, பால் கக்குனா ஒண்ணு.

— அய்ய, எட்டு மாசக் கொழந்தைங்க. துண்டுல சுத்திக்கினா ஆச்சு. ரெட்டையா பெத்தவ நானே சும்மா இருக்கேன். உனக்கு இன்னா இவ்ளோ டென்ஷன்?

— வெயிலு இருக்குதில்ல. ஃபிளாஸ்க்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணுல ஆற வச்ச தண்ணி, ஒண்ணுல சுடுதண்ணி. கொட மாதிரி மூடுற கொசுவல ரெண்டு. தூளிக்கு உங்க பழைய நூல் பொடவ. சவுக்குத் தோப்புல கெள பாத்து கட்டிக்கலாம். ஒரு கயிறுதான் தேடணும்.

— கயிறு எதுக்கு, பொடவையே முடிச்சு நிக்கும்.

— தூளிக்கு இல்லண்ணி. சேரனுக்கு.

— புள்ளைக்குக் கயிறா?

— இடுப்புல கட்டிட்டு இன்னொரு முனைய என் கையில சுத்திக்குவேன். பருத்திக் கயிறா இருந்தா ஒரசாது.

— கண்ணுக்குட்டியாடி அவன்? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?

— சிரிச்சா சிரிக்கட்டும்.

— இங்க பாரு வாணி. கல்யாணமாகி நாலு வருசத்துல இந்த வூட்ல நீ பேசின பேச்செல்லாம் ஒரு டிபன் பாக்ஸுல போட்டு மூடிடலாம். அப்டிப்பட்டவ ரெண்டு நாளா அலை, ஆழம்னு பொலம்பிக்கினு இருக்க. அம்மா என்னத் தனியா கூப்ட்டு கேக்குது, உன் தம்பி பொண்டாட்டிக்கு உன்னோட வரப் புடிக்கலையான்னு.

— அய்யோ, அத்தைகிட்ட அப்டி இல்லன்னு சொல்லுங்கண்ணி.

— அப்ப எப்டி? முழுவாம இருக்கியா?

— இல்ல.

— என்கிட்ட மறைக்காத. வேன்ல ஏறினா கொமட்டுமேன்னு பயப்படுறியா?

— நெசமா இல்லண்ணி.

— அப்ப உங்க அம்மா ஜாதகத்த எடுத்துக்கினு எங்கயாச்சும் போச்சா? புள்ளைக்குத் தண்ணியில கண்டம்னு எவனாச்சும் சொல்லியிருப்பான்.

— ஜாதகமெல்லாம் யாரும் பாக்கல.

— அப்ப இன்னாதான் உனக்கு... தோ, போச்சு. அண்டா மூடி. கை வழுக்கிடுச்சு. ரெண்டும் முழிச்சிக்கிச்சு பாரு. நீ பெரியவளத் தூக்கு. ஏ கண்ணு, ஒண்ணுமில்லடா, மூடிதான் வுழுந்துச்சு. சேரன் அத்தான் பாரு, அழுவுறானா? அவன் முதுகுக்குப் பின்னாலதான் வுழுந்துச்சு, திரும்பறானா? அவன் பாட்டுக்கு பொம்ம காரு ஓட்டிக்கினு இருக்கான்.

— ம்.

— தீபாவளி அன்னைக்கி தெருவே அதிருது. என் ரெண்டும் பச்ச ஒடம்பு, வீல் வீல்னு கத்துதுங்க. இவன் வாசப்படியில குந்திக்கினு முறுக்கு தின்னுறான். அன்னைக்கிதான நைனா பேரு வச்சாரு, தேசிங்கு நம்ம வூட்ல பொறந்துட்டான், பீரங்கிக்கே அசைய மாட்டான்னு. இப்ப தெருவுல சேரன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

— டீக்கடையில கூட மாமா அதத்தான் சொல்றாராம். சொல்லும்போது மொகமே வேற மாதிரி ஆயிடுது அவருக்கு.

— ஆவாதா பின்ன. அப்டி ஒரு பேரனுக்குக் கயிறு கட்டினன்னு வையி, நைனா பாதி வழியிலயே வேன வுட்டு எறங்கிடுவாரு.

— அண்ணி, கடலு வரைக்கும் வேணாம். பனமலைக்குப் போலாமா? ஏரி இருக்குது, கோயிலு இருக்குது, நெழலும் இருக்குது.

— ஏரியில இருக்கறதும் தண்ணிதான?

— அலை இல்ல. கூட்டம் இருக்காது. எங்க நின்னாலும் அவன் கண்ணுல பட்டுக்கினே இருப்பான்.

— நல்லா சொன்ன போ. தோ கெடக்குற பனமலைக்கு எவனாச்சும் வேன் புடிப்பானா? என் வூட்டுக்காரரு தொண்டூருல பொறந்து, முப்பத்தாறு வயசு வரைக்கும் கடல்ல காலு வச்சதில்ல. கட்டம் போட்ட டவுசரு ஒண்ணு வாங்கி வச்சிக்கினு காலையிலருந்து கண்ணாடி முன்னாடி நிக்கிறாரு. அந்த மனுசன்கிட்ட ஏரின்னு நீ போய் சொல்லு.

— நான் எப்டிண்ணி சொல்லுவேன்.

— சரி, பாப்பாவ தோள்ல போட்டுக்கினு நான் சொல்றதக் கேளு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் தண்ணியில. அம்மாவும் நைனாவும் தோப்புல, தூளிகிட்ட. நீயும் நானும் கரையில. தேசிங்கு ஈர மணல்ல குழி தோண்டட்டும். பத்து மணிக்கு இட்லி, ஒரு மணிக்கு புளிசோறு, மூணு மணிக்கு கெளம்பிடலாம். இதுல எங்க இருக்குது பயம்?

— நடுவுல நீங்க பால் குடுக்கப் போவணும்.

— அப்ப நீ இருப்பியே.

— ரெண்டும் ஒண்ணாத்தான அழும். ஒருத்திய நான் தூக்கியாவணும். அத்தையால ரெண்டையும் சமாளிக்க முடியாது.

— அப்ப வளவன் பாத்துக்குவான். பெத்தவன்தான அவனும்.

— அவரு பாத்துக்கறது உங்களுக்குத் தெரியாது. புள்ள முன்னால போவும். இவரு நின்ன எடத்துலருந்தே டேய் டேய்னு கூப்டுவாரு. போன வாரம் காந்தி பஜாருல அப்டித்தான் ஆச்சு. எதுத்தாப்ல பைக்கு. அவன் கூலா பாட்டிலு மூடியத் தேடிக்கினு போறான். நான்தான் ஓடிப்போய் இழுத்தேன். முட்டி தேஞ்சிடுச்சு.

— தடுக்கி வுழுந்தேன்னு சொன்ன?

— அவரு அதுக்கும் சிரிச்சாரு. அடம், எங்கப்பன் மாதிரியே அடம்னாரு. நானும் சரின்னு வந்துட்டேன்.

— ஆம்பளப் புள்ள அடமாத்தான் இருக்கும். பேச்சு கூட லேட்டாத்தான் வரும். வளவனே மூணு வயசுலதான் கோர்வையா பேசினான்.

— அதுக்கு முன்னால ஒண்ணு ரெண்டு வார்த்தையாவது சொன்னாரா?

— சொல்லாம? ம்மான்னுவான், தண்ணின்னுவான். ஆட்டுக்குட்டி கத்தினா அதே மாதிரி கத்துவான். ஏன்?

— சும்மாதான் கேட்டேன்.

— நீ சும்மா கேக்கற ஆளு இல்ல. இரு, நான் ஒண்ணு சொல்றேன். கரையில அவன் அலையப் பாத்து ஓடினான்னே வச்சிக்கோ. நான் ஒரு கொரலு குடுத்தா நின்னுடுவான். என் தொண்டைதான் உனக்குத் தெரியுமே. அடிவாரத்துலருந்து நான் கத்தினா ராஜகிரிக் கோட்ட மேல இருக்கற கொரங்கு கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடும்.

— அதாண்ணி எனக்குப் பயம்.

— இன்னா, என் தொண்டையா?

— நின்னுடுவான்னு நெனச்சிக்கினு நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. உங்க தம்பியும் எழுந்திருக்க மாட்டாரு. எல்லாரும் உக்காந்த எடத்துலருந்து கூப்டுவீங்க. அவன் போய்க்கினே இருப்பான்.

— நாம கூப்ட கூப்ட எப்டிடி போவான்?

— அண்ணி, நீங்க கூப்ட்டு அவன் திரும்பிப் பாத்திருக்கானா?

— இன்னா கேள்வி இது. தெனமும் ஓடி வந்து என் மடியில வுழுறான்.

— உங்களப் பாத்துட்டு வர்றான். முதுகு காட்டிக்கினு இருக்கும்போது?

— வெளையாட்டு மும்முரத்துல எந்தப் புள்ளதான்... இரு, இப்பவே கூப்புடறேன். டேய் தேசிங்கு. தேசிங்கு. சேரா, அத்த கூப்புடறேன் பாரு.

— கிட்ட போவாதீங்கண்ணி. உங்க நெழலு பட்டா திரும்பிடுவான். அங்கருந்தே கூப்புடுங்க.

— சேரா. டேய் சேரா. அத்த பாரு, அத்த பாருடா.

— இன்னும் சத்தமா வேணும்னாலும் கூப்புடுங்க.

— பாப்பாங்கதான் மறுபடியும் அழுவுதுங்க. வாணி, எனக்கு ஒரு மாதிரி இருக்குது. நீ இன்னா சொல்ல வர்ற?

— அம்மா வூட்டுக்குன்னு சொல்லிட்டு பாண்டிச்சேரிக்குப் போனேன். நானும் அவனும் மட்டும். தூங்க வச்சி, தலையில ஒயரு ஒட்டிப் பாத்தாங்க.

— வளவனுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. அந்த டாக்டரம்மா சொன்னத நானே இன்னும் என் வாயால ஒரு வாட்டி சொல்லிப் பாக்கல.

— பாப்பாவ என்கிட்ட குடு. குந்து இப்டி. இப்ப சொல்லு.

— அவனுக்குப் பொறந்ததுலருந்தே ரெண்டு காதும் கேக்கலண்ணி.