இணைச்சீருக்கு உட்காருகிறவள்

கனிஷ்கா (மனதுக்குள்): கேட்கப்போகிறான். தையல் கடையை விட்டு வந்து காரில் ஏறியதிலிருந்து அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் நான் பற்றி எரிய இது ஒன்றே போதும். இதோ, அந்தக் கொந்தளிப்பு எழுகிறது. எழட்டும். எவ்வளவு பெரியது இது... இத்தனை காலம் இதற்குள்ளேயே இருந்தும் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மிதுன்: ஏசி கூட்டட்டா கண்ணு?

கனிஷ்கா: வேண்டாங்ணா. சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

மிதுன்: என்னத்த... ஒண்ணுமில்ல. ரவிக்கை செரியா இருந்துச்சா?

கனிஷ்கா: போட்டுப் பாத்தேனுங். செரியாத்தான் இருக்குது. சிக்னல்ல பச்சை விழுந்துருச்சு, டவுன் பஸ்காரர் பின்னாடி ஹாரன் அடிக்கறாரு. வண்டியையாவது எடுங்க.

மிதுன்: ம்... அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க.

கனிஷ்கா: அம்மாவா?

மிதுன்: அம்மாதான். என்ற கல்யாணத்துல இணைச்சீருக்கு...

கனிஷ்கா: ம்.

மிதுன்: மாப்பிள்ளை பக்கத்துல தங்கச்சி உக்காரணும், கூறைச்சேலையப் புடிக்கணும், மண்டபமே பாத்துட்டு இருக்கும்... உனக்கு டென்சன் ஆயிரும்னு. அதனால பெரியப்பா புள்ள மேக்னா உக்காரட்டும்னு... அவளும் எனக்குத் தங்கச்சிதான?

கனிஷ்கா: ...

மிதுன்: கனி?

கனிஷ்கா: சித்த இருங்ணா.

மிதுன்: வண்டிய ஓரங்கட்டட்டா? கதவத் தொறந்துபோடாத கண்ணு, மெயின் ரோடு.

கனிஷ்கா: தொறக்கலைங்ணா. கை மடியிலதான் இருக்குது, பாருங்க. பேசாம இருக்கேன், அவ்வளவுதான்.

மிதுன்: நீ பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயமே.

கனிஷ்கா: பேசுனாலும் பயம்னுதான் சொல்லுவீங்க.

மிதுன்: அதுவும் நெசந்தான்.

கனிஷ்கா: போன வருசம் நிச்சயத்தன்னைக்கு நடந்ததை நெனச்சுத்தான?

மிதுன்: நெனைக்காம? போட்டோக்காரரு உன்னையத் தள்ளி நிக்கச் சொன்னாரு. நான் நந்திதாவப் பாத்து சிரிச்சுட்டு இருந்தேன். அதுக்குத் தாம்பாளத்தத் தூக்கி எறிஞ்சுபோட்டு நடந்தே பஸ் ஸ்டாண்டு போயிட்ட. பொண்ணு ஊட்டு சனம் பூராம் பாக்குது. ராத்திரி மெசேஜ்ல, நீ என்ற அண்ணனே இல்லைங்கற. விடிஞ்சா, உங்கள உட்டா எனக்கு ஆரு இருக்கறாங்கற. ஒரு நேரம் நான் சாமி, ஒரு நேரம் எமன். எப்ப எதுன்னு எனக்கே தெரியறதில்ல.

கனிஷ்கா: எனக்கும் தெரியாதுங்ணா. டாக்டரம்மா பார்டர்லைன்னு, மனசு ஒரு நெலையில நிக்காத நோவுன்னு சொன்னப்பத்தான், அட, இதுக்கு ஒரு பேரு இருக்குதான்னு ஆச்சு. நீங்க அக்கட்டால திரும்புனா, உட்டுட்டுப் போறீங்கன்னு மட்டும் இல்ல... நானே இல்லாம ஆயிர்றேன். அப்படித்தான் இருக்கும்.

மிதுன்: இப்ப?

கனிஷ்கா: இப்பவும் வந்திருக்குது.

மிதுன்: ஐயோ...

கனிஷ்கா: இருங்க. மதுக்கரைப் பக்கம் ஆடி மாசம் காத்து அடிக்குமே, ஆள நிக்க உடாம தள்ளும்... அப்படி. முன்னெல்லாம் நானும் அதோடயே போயிருவேன். இப்ப நான் நின்னுட்டு இருக்கேன், அது எம்மேல அடிச்சுட்டுப் போகுது. இத்தத்தண்டி ஒண்ண உள்ள வெச்சுட்டா இத்தன நாள் ஸ்கூலுக்குப் போனேன், வேலைக்குப் போனேன்... மலைப்பா இருக்குதுங்ணா.

மிதுன்: எனக்கு உன்னையப் பாத்தாத்தான் மலைப்பா இருக்குது. மொகத்துல ஒண்ணுமே தெரியல.

கனிஷ்கா: போன் அடிக்குது. அம்மா.

மிதுன்: எடுக்காத. நான் அப்புறம்...

கனிஷ்கா: எடுத்துட்டேன். ஸ்பீக்கர்ல இருக்குது. சொல்லுங்மா.

அம்மா பத்மாவதி: ரவிக்கை வாங்கியாச்சா கண்ணு? இணைச்சீருக்கு உக்காரும்போது என்ற ஒட்டியாணத்தப் போட்டுக்க, பாலீசு போட்டு வெச்சிருக்கறேன். சீர் செய்யற அருமைக்காரர்கிட்டயும் சொல்லிப்போட்டேன், எங்க கனிதானுங்க உக்கார்றான்னு. உங்கொண்ணன் எங்க?

கனிஷ்கா: வண்டி ஓட்டறாருங்மா.

அம்மா பத்மாவதி: காலையிலிருந்தே அவன் மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?

கனிஷ்கா: ஒண்ணும் சொல்லலைங்மா. கல்யாண மாப்பிள்ளை, அப்படித்தான் இருப்பாரு. பொழுதுக்குள்ள தாராபுரம் வந்தர்றோம். வெச்சர்றேன்.

மிதுன்: கட் ஆயிருச்சா?

கனிஷ்கா: முன்னால லாரிக்காரரு பிரேக் போடறாரு, பாருங்க.

மிதுன்: ஏன் கனி சொல்லல?

கனிஷ்கா: என்னத்தங்ணா?

மிதுன்: அம்மா ஒண்ணும் சொல்லச் சொல்லல. நானாத்தான்... போன வருசமா இருந்தா இந்நேரம் அம்மா, பெரியப்பா, நந்திதா, அத்தன பேருக்கும் போன் போட்டு என்ற மானத்த வாங்கியிருப்ப.

கனிஷ்கா: ஆமா, வாங்கியிருப்பேன். இப்பவும் வாய் வரைக்கும் வந்துச்சு.

மிதுன்: அப்புறம்?

கனிஷ்கா: வேண்டாம்னு இருந்துச்சு. எனக்கும் ஆச்சரியந்தான்.

மிதுன்: இத்தன தெரிஞ்சவ என்ற பயத்தையும் புரிஞ்சுக்க கண்ணு. மணமேடையில நீ ஒடஞ்சு போயிட்டா... நந்திதா மூஞ்சில எப்படி முழிப்பேன்? இந்த ஒருக்கா உட்டுக்குடுத்துரு. என்னால முடியலைங்மான்னு நீயே அம்மாகிட்டச் சொல்லிரு. மேக்னாகிட்ட நான் இன்னும் பேசக்கூட இல்ல. நீ சரின்னு சொன்னாத்தான் பேசுவேன்.

கனிஷ்கா: கடையில மேக்னா பேரு எழுதி, என்னுது மாதிரியே மயில் பச்சையில ஒரு ரவிக்கை தொங்குச்சுங்ணா, அவகிட்டப் பேசாமயா அளவு குடுத்தீங்க? அதைப் பாத்துட்டுத்தான் உள்ள போய் என்னுதப் போட்டுப் பாத்தேன். ஊக்கு மூணு தடவ நழுவுச்சு... மாட்டிட்டேன். மேடையில ஒடைய மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்குத் தெரியாதுங்ணா. ஆனா அம்மாகிட்ட முடியலைன்னு சொல்ல மாட்டேன். நாந்தான் உக்காருவேன்.